செவிக்கு ஆகும் செலவு

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய நான் சங்கச் செய்யுள் ஒன்றைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்விரு பொருள்களையும் எழுத என்னினும் வல்லார் பலர் இக்கல்லூரியின் பழைய மாணவருள் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள், வானொலி ஆர்வலர்கள் குன்றின் உச்சியிலே நிறுவி வைக்கும் ஒரு கருவிக்கு ஆகும் மின்சாரச் செலவாகும். தமிழாசிரியனுக்கும் இதற்கும் யாது தொடர்பு என வினவுவார்க்கு முதலில் அத்தொடர்பைச் சொல்லிவிடுதல் நன்று.

இக்கல்லூரியிலே என்னோடு ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் இப்பொழுது இங்கிலாந்தின் வடபாகத்தில் வாழ்கிறார். தொழிலால் அவர் கணக்காளர். விருப்பத்தால் வானொலி ஆர்வலர். அவ்வூர் ஆர்வலர் சங்கத்துக்கு அவரே பொருளாளர். சங்கத்தாருக்கு ஒரு குன்றின்மேல் சிறு கொட்டிலும், அதனுள்ளே ஒரு கருவியும் உண்டு. அக்கருவியின் மின்சாரச் செலவைப் பற்றிச் சங்கத்திலே ஒரு வழக்கு எழுந்தது. அதனை அவர் கணக்குத் தாளோடு எனக்கு விரிவாக எழுதியிருந்தார். “மச்சான், ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி ஒரு கைந்நூல் எழுத விரும்புகிறேன். இவற்றுக்கெல்லாம் நல்ல தமிழ்ச் சொல் நீதான் தரவேண்டும்” என்பது கடிதத்தின் வேண்டுகோள். ஒரு பொருளுக்குப் பெயரிடுமுன் பொருளை அறிதல் வேண்டும் அன்றோ? அவ்வாறு சொல்லைத் தேடிப் போன வழியிலே கண்ட பொருளே இக்கட்டுரை.

வானொலி ஆர்வலர் என்போர், அரசாங்கப் பரீட்சையில் தேறி, உரிமப் பத்திரமும் தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்று, ஊதியமும் வாணிக நோக்கமும் இன்றித் தம்மை ஒத்தாரோடு வானொலி வழியே பேசுவோர். நம் நாட்டு ஆர்வலரின் அழைப்புக்குறிகள் ‘4 எஸ்’ எனத் தொடங்குவன. கடல் கடந்து பேசுதற்கு அவர்கள் சிற்றலையைக் கையாளுவர். ஊருக்குள்ளும் அயலூரோடும் பேசுதற்குப் பெரும்பாலும் இரண்டு மீற்றர் அலையைக் கையாளுவர். இவ்வலை ஏறத்தாழ நேர்க்கோட்டிலே செல்லும் இயல்பினது. இடையிலே ஒரு குன்றோ கட்டடமோ நின்றால் கையடக்கக் கருவியின் 5 வாற்றுக் குரல் அங்கேயே தடைப்பட்டு நின்றுவிடும்.

இக்குறையைத் தீர்க்கக் குன்றின் உச்சியிலே ஒரு கருவியை வைக்கின்றனர். பள்ளத்தாக்கிலிருந்து வரும் குரலை அது ஒரு மீடிறனிலே கேட்கிறது. கேட்ட அக்கணமே வேறொரு மீடிறனிலே உரத்துச் சொல்லுகிறது. இரண்டு மீடிறன்களுக்கும் இடையே வழக்கமாக 600 கிலோஹேர்ட்ஸ் வேறுபாடு இருக்கும். குன்றின் இப்புறத்திலுள்ளவனும் அப்புறத்திலுள்ளவனும் ஒருவரையொருவர் காணார். ஆயினும் இருவரும் உச்சியைக் காண்பர். ஆதலின் இருவரும் பேசிக்கொள்ளுதல் இயலும்.

இதனை ஆங்கிலத்தில் ‘ரிப்பீற்றர்’ என்பர். முதலில் எனக்குத் தோன்றிய சொல் ‘அஞ்சல்’ என்பது. ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை மற்றொரு நிலையம் ஏற்று வழங்குதலை ‘அஞ்சல் செய்தல்’ என்றே நம் வானொலி அறிவிப்பாளர்கள் சொல்லி வந்தனர். ஆனால் குன்றின்மேல் ‘அஞ்சல் நிலையம்’ உண்டு என எழுதினால் முத்திரை வாங்குவோர் மூச்சிரைக்க மலையேற நேரும். ஆதலின் ‘மறுபரப்பி’ என்று பெயரிட்டேன். குரல் வராதபொழுது வெற்றிரைச்சலை வெளிவிடாது மூடியிருக்கும் உறுப்பு ‘இரைச்சற் கதவு’ ஆயிற்று. ஒரே அலைவாங்கியிலே கேட்டலும் சொல்லலும் ஒன்றையொன்று கெடுக்காதபடி பிரித்துவைக்கும் உலோகக் கலன்கள் ‘இருவழிப் பிரிப்பி’ ஆயின.

மறுபரப்பியின் வரலாறு நீண்டதன்று. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே 1950களில் ஆர்வலர்கள் மலைகளின்மேல் இத்தகைய கருவிகளை இயக்கத் தொடங்கினர். பிரித்தானியாவிலே முதலாவது மறுபரப்பி 1972 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் இயங்கியது. முற்காலத்துக் கருவிகள் வால்வுகளால் ஆனவை. நம் பாட்டன்மார் வைத்திருந்த வால்வு வானொலிப் பெட்டியை நினைவுகூர்வோர், அதன் உள்ளே செந்தணல்போல் ஒளிர்ந்த இழைகளையும் நினைவுகூர்வர். சாதாரண வால்வு ஒன்றின் இழைக்கு 6.3 வோல்ற்றிலே 0.3 அம்பியர் வேண்டும். ஏறத்தாழ 2 வாற்று. வாங்கியிலே 15 வால்வுகள் இருப்பின், ஒருவரும் பேசாத நேரத்திலும் இழைகளைச் சூடாக வைத்திருப்பதற்கு மட்டும் 28 வாற்றுச் செல்லும். திரான்சிற்றர் வந்தபின் அவ்விழைகள் ஒழிந்தன, செலவும் குறைந்தது. ஆயினும் முற்றாக ஒழியவில்லை. ஒழியாத அப்பகுதியே நண்பரின் சங்கத்து வழக்குக்குக் காரணமாயிற்று.

2022 ஆம் ஆண்டிலே ஐரோப்பாவில் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்டு, பிரித்தானியாவிலே மின்சாரத்தின் விலை மிக உயர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டிலே அலகொன்று ஏறத்தாழ 20 பென்ஸ் ஆக இருந்தது, பின்னர் 30 பென்ஸையும் கடந்தது. சங்கமோ சிறியது, உறுப்பினருட் பலர் இளைப்பாறியவர்கள். கொட்டில் நிற்கும் நிலத்துக்கு வாடகை, காப்புறுதி, அலைவாங்கியைப் பழுதுபார்த்தல் என ஏனைய செலவுகளும் உயர்ந்தன. பொதுக்கூட்டத்திலே இரண்டு பிரேரணைகள் வந்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை மறுபரப்பியை நிறுத்திவிடுதல் ஒன்று. பரப்பியின் வலுவை 25 வாற்றிலிருந்து பாதியாகக் குறைத்தல் மற்றொன்று. இரவிலே நிறுத்தக் கூடாதென்று ஒரு முதியவர் எழுந்து வாதாடினாராம். பனி பெய்யும் இரவிலே அம்மலைப் பாதையில் வண்டி நின்றுபோனவனுக்குக் கைபேசி எட்டாத பள்ளங்கள் இன்னும் உண்டு என்பது அவர் கூற்று. இருபுறமும் குரல் உயர்ந்தது. பொருளாளர், முடிவெடுக்குமுன் ஒரு மாத காலம் அளந்து பார்ப்போம் என்று தவணை பெற்றார்.

அளந்து கண்ட கணக்கு இது. மறுபரப்பி ஒன்றும் சொல்லாது கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்பொழுது, வாங்கிக்கும் அதனை ஆளும் சிறு கட்டுப்படுத்திக்கும் 13.8 வோல்ற்றிலே அரை அம்பியர் வேண்டும். அஃதாவது 7 வாற்று. யாரேனும் பேச, பரப்பி எழுந்து 25 வாற்று அலையை வெளிவிடும்பொழுது மேலும் 5 அம்பியர், ஏறத்தாழ 70 வாற்று. ஏழும் எழுபதும் என்றவுடன் செலவெல்லாம் பேச்சிலே என்று தோன்றும். ஆனால் மின்சாரப் பட்டியல் வாற்றை எண்ணுவதில்லை; வாற்றோடு மணியைப் பெருக்கியே எண்ணுகிறது. கேட்டல் நாளொன்றுக்கு 24 மணி நேரமும் நடப்பது. ஏழை இருபத்துநான்காற் பெருக்கின் 168 வாற்றுமணி. அக்குன்றிலே நாளொன்றுக்கு நடந்த பேச்சோ சராசரி அரை மணி நேரம். அதற்கு 35 வாற்றுமணி. ஆகவே கருவி உண்ட 203 வாற்றுமணியிலே ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் செவிக்கு ஆன செலவு. வாய்க்கு ஆன செலவு ஒரு பங்கினும் குறைவு. இக்கருவியிலே பேச்சின் செலவு கேட்டலின் செலவுக்குச் சமமாக வேண்டுமாயின், நாளொன்றுக்கு 2 மணி 24 நிமிட நேரம் இடையறாது பேசுதல் வேண்டும்.

இதனோடு முடியவில்லை. மின்வழங்கலை 13.8 வோல்ற்றாக இறக்கித் தரும் பழைய வழங்கி ஒன்று கொட்டிலின் மூலையிலே கிடந்தது. கனத்த மாற்றி ஒன்றைக் கொண்ட அது, யாரும் பேசாதபொழுதும் இளஞ்சூடாகவே இருக்குமாம். குளிர்காலத்தில் கொட்டிலுக்குச் செல்வோர் அதன்மேல் கையை வைத்துச் சூடேற்றிக்கொள்வராம். அவ்விளஞ்சூட்டின் விலை 20 வாற்று என அளவையிலே தெரிந்தது. கேட்டலுக்கு 7 வாற்று. அக்கேட்டலைத் தாங்கும் வழங்கிக்கு 20 வாற்று. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 648 வாற்றுமணி. பேச்சின் 35 வாற்றுமணியும் அப்பழைய வழங்கியூடே வரும்பொழுது இரட்டித்து 70 ஆகும். ஆக மொத்தம் 718. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 262 அலகு. 30 பென்ஸ் வீதம் 78 பவுண்.

இப்பொழுது பிரேரணைகளை நிறுத்துப் பார்த்தனர். பரப்பியின் வலுவைப் பாதியாக்கினால் மிஞ்சுவது நாளொன்றுக்கு 35 வாற்றுமணிக்கு மேற்படாது. இரவு எட்டு மணி நேரம் நிறுத்தினால் 216 வாற்றுமணி மிஞ்சும். ஆனால் வழியிலே நின்றவனின் குரலைக் கேட்பார் இல்லாது போவர். பழைய வழங்கியை நீக்கிப் புதிய முறையிலமைந்த ஒன்றை வைத்தால், அதன் ஓய்வு நேர இழப்பு 3 வாற்று அளவே, நாளொன்றின் மொத்தச் செலவு 281 வாற்றுமணியாக இறங்கும், மிஞ்சுவது 437. இரவிலே காதை மூடுவதால் வரும் இலாபத்தினும் இஃது இரு மடங்கு. மலிவான புதுவழங்கிகள் தாமே வானொலி இரைச்சலை எழுப்பி வாங்கியைச் செவிடாக்கும் தன்மையின. ஆதலின் நல்லதொன்றைத் தெரிந்து வாங்கினர். அதன் விலை ஈராண்டுச் சேமிப்புக்குள் அடங்கியது. மறுபரப்பி இரவிலும் விழித்திருக்கிறது. வாதாடிய முதியவரே முதற் பத்துப் பவுணைக் கொடுத்தார் என நண்பர் எழுதியிருந்தார்.

பேச்சுக்கு ஆகும் அந்த 70 வாற்றும் எங்கே போகிறது என்பதும் அறியத்தக்கது. எழுபதிலே 25 வாற்றே அலையாக மாறுகிறது. எஞ்சிய 45 வாற்று வெப்பமாகி உலோகச் செட்டைகளின் வழியே கொட்டிலின் காற்றிலே கலக்கிறது. இருபத்தைந்திலே இருவழிப் பிரிப்பி தன் பங்காக ஏழெட்டு வாற்றை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதிலும் ஒரு பகுதியை வடம் விழுங்கும். அலைவாங்கியைச் சென்று சேர்வது ஏறத்தாழ 14 வாற்று. ஐந்தில் ஒன்றே ஊருக்குப் பயன்படுகிறது. வயலுக்குப் பாய்ச்சும் நீரிலே வாய்க்கால் குடித்தது போக எஞ்சியதே பயிருக்கு என்பதை அறிந்த நமக்கு இஃது ஆச்சரியம் அன்று.

ஆனால் மலையானது இவ்விழப்பையெல்லாம் ஈடுசெய்துவிடுகிறது. அலைவாங்கியின் உயரத்தை நூறு மீற்றரிலிருந்து நானூறு மீற்றராக உயர்த்தினால், அலை காணும் அடிவானம் 41 கிலோமீற்றரிலிருந்து 82 கிலோமீற்றராக விரியும். வலுவை நான்கு மடங்காக்கினாலும் அடிவானம் ஓர் அடியேனும் அகலாது. வாற்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டவேண்டும். உயரத்துக்கு ஒருமுறை ஏறினாற் போதும். நம் முன்னோர் கோபுரத்தையும் மணிக்கூண்டையும் உயர்த்தி அமைத்ததற்கும் இதுவே நியாயம்.

மேலும், வலு மிகுந்த மறுபரப்பி நல்ல மறுபரப்பி அன்று. நூறு வாற்றிலே முழங்கும் கருவியின் குரலைத் தொலைவிலுள்ளவன் தெளிவாகக் கேட்பான். மறுமொழி சொல்லத் தன் 5 வாற்றுக் கருவியை அழுத்துவான். அக்குரல் குன்றுக்கு எட்டாது. அவன் கேட்கிறான், அவனை எவரும் கேளார். இத்தகைய கருவியை ஆர்வலர்கள் ‘முதலை’ என்று நகைப்பர். வாய் பெரிது, காது இல்லை என்பது கருத்து. முதலைக்கு ஊட்டும் மின்சாரம் வீண். நல்ல வாங்கிக்கும் நல்ல பிரிப்பிக்கும் செலவிடுவதே அறிவுடைமை.

பேசுவோரின் பழக்கமும் கணக்கிலே சேர்கிறது. இவ்வகைப் பரப்பியிலே உரத்துச் சொன்னாலும் மெல்லச் சொன்னாலும் செலவு ஒன்றே. சொல் கிடைக்காது பொத்தானை அழுத்தியபடி யோசித்து நிற்பவனும் அதே 70 வாற்றை உண்கிறான். ஒவ்வொரு பேச்சும் முடிந்தபின் பரப்பி நாலைந்து விநாடி எழுந்தபடியே காத்திருத்தல் வழக்கம். அதனை ‘வால்’ என்பர். நாளொன்றுக்கு நானூறு முறை பொத்தான் அழுத்தப்பட்டு, ஒவ்வொரு முறையும் நான்கு விநாடி வால் நீளுமாயின், அஃது 26 நிமிடத்துக்கு மேல் ஆகும். 31 வாற்றுமணி ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே கரையும். ஓயாது பேசுவானை மூன்று நிமிடத்திலே வாயடைக்கும் கடிகாரமும் உண்டு. எங்கள் கல்லூரி விவாத அரங்கிலே அடிக்கப்பட்ட மணியை நினைந்து அதற்கு ‘நேரமணி’ எனப் பெயரிட்டேன்.

இக்கணக்குகளை வாசித்தபொழுது, வாற்று என்பது எனக்கு ஏட்டுச் சொல்லாகத் தோன்றவில்லை. காலாலே அறிந்த பொருளாகத் தோன்றியது. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை, மின்கலங்களும் வருவதில்லை. இரவிலே போத்தல் விளக்கு. செய்திக்குத் துவிச்சக்கர வண்டி. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சிறுவர்களாகிய நாங்கள் மாறி மாறி மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்னிலே வானொலிப் பெட்டி பேசும். முற்றத்திலே கூடிய பெரியவர்கள் இலண்டன் தமிழோசைக்குக் காது கொடுத்து நிற்பர். கை சற்றே தளர்ந்தால் இலண்டன் மங்கும். “சுத்தடா தம்பி” என்ற குரல் எழும். அந்த டைனமோ தரவல்லது 3 வாற்று. நண்பரின் மறுபரப்பியைக் கேட்கச் செய்வதற்கே இரண்டு வண்டிகளுக்கு மேல் இரவும் பகலும் சுழலவேண்டும்; அது பேசுவதற்கு மேலும் இருபத்துமூன்று வண்டிகள் வேண்டும். மின்சாரத்தைச் சுவரிலுள்ள துளையிலிருந்து பெறுவோர்க்கு இந்த எண்ணிக்கை புலப்படாது. எங்கள் தலைமுறையினர்க்குப் புலப்படும்.

சுவரிலுள்ள துளை உயிரற்றுப்போகும் நாளிலேதான் மறுபரப்பியின் மெய்யான மதிப்பு தெரிகிறது. 2024 செப்ரெம்பர் 27 ஆம் நாள் ‘ஹெலீன்’ என்னும் சூறாவளி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மலைகளிலே பெருமழையைக் கொட்டியது. பாதைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன; மின்சாரம் அற்றது; தொலைபேசியும் கைபேசியும் ஊமையாயின. 2037 மீற்றர் உயரமுள்ள மிச்செல் மலையின் மறுபரப்பி பேசிக்கொண்டிருந்தது. அதன் 145.190 மெகாஹேர்ட்ஸ் மீடிறனிலே பல நாட்கள் மக்கள் கையடக்கக் கருவிகளோடும் வண்டிக் கருவிகளோடும் கூடினர். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எவ்வூரில் குடிநீர் உண்டு, எவ்வீட்டு முதியவருக்கு மருந்து வேண்டும், எவர் உயிரோடு இருக்கிறார் என்பனவெல்லாம் அவ்வொற்றைக் குரல்வழியே சென்றன. உரிமம் பெறாதோரும் தம் கருவிகளை அம்மீடிறனுக்குத் திருப்பி வைத்துக் கேட்டுத் தெளிந்தனர்.

அத்தகைய நாளிலே நண்பரின் குன்றுக்கருவி எத்துணை நேரம் தாங்கும்? 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி கொண்ட ஈய மின்கலவடுக்கு ஒன்று கொட்டிலில் இருக்கிறது. அதன் முழுக் கொள்ளளவு 1200 வாற்றுமணி. அடுக்குப் பழுதாகாதிருக்கப் பாதியை மட்டுமே எடுப்பது முறை. எஞ்சிய 600 வாற்றுமணியிலே, நாளொன்றுக்கு அரை மணிப் பேச்சாயின் ஏறத்தாழ மூன்று நாள் தாங்கும். ஆனால் ஆபத்து நாளிலே பேச்சு அரை மணியோடு நில்லாது. இருபத்துநான்கு மணியிலே பன்னிரண்டு மணி பரப்பி எழுந்து நின்றால், 168 ஓடு 840 சேர்ந்து 1008 வாற்றுமணி ஆகும். அடுக்கு ஒரு நாளைக் கூடத் தாண்டாது, பதினான்கு மணி நேரத்திலே ஓய்ந்துவிடும். எனவே அச்சங்கத்தார் இப்பொழுது ஓர் ஒழுங்கு வகுத்துள்ளனர். மின்வழங்கல் அற்றவுடன் கருவி தானாகவே 5 வாற்றுக்கு இறங்கும். வால் ஒரு விநாடியாகச் சுருங்கும். நேரமணி ஒரு நிமிடத்திலே அடிக்கும். அவை தரும் மணித்தியாலங்களிலே மின்பிறப்பாக்கியோடு ஒருவர் மலையேறிவிடலாம். சாதாரண நாளிலே பென்ஸைக் காக்கும் சிக்கனம், ஆபத்து நாளிலே உயிரைக் காக்கிறது.

மலையினும் உயர்ந்த இடத்திலே ஒரு மறுபரப்பி உண்டு. ஆர்வலர்கள் அமைத்த ‘ஒஸ்கார் 7’ என்னும் செய்மதி 1974 நவம்பர் 15 ஆம் நாள் கலிபோர்னியாவிலிருந்து ஏவப்பட்டு, ஏறத்தாழ 1450 கிலோமீற்றர் உயரத்திலே பூமியைச் சுற்றத் தொடங்கியது. ஒரு கூட்டம் மீடிறன்களிலே வரும் குரல்களை ஏற்று வேறொரு கூட்டம் மீடிறன்களிலே திருப்பி விடுவது அதன் பணி. 1981 ஆம் ஆண்டிலே அதன் மின்கலவடுக்குப் பழுதுற்று மின்னைக் குறுக்கே ஒழுகவிட, செய்மதி வாய் மூடிற்று. இருபத்தொரு ஆண்டுகளின் பின், 2002 யூன் 21 ஆம் நாள், அதன் குரலை இங்கிலாந்திலே ஓர் ஆர்வலர் கேட்டார். பழுதுற்ற அடுக்கு முற்றாக அறுந்துபோக, ஒழுக்கு நின்று, சூரிய மின்தகடுகளின் மின் நேரே கருவிக்குப் பாய்ந்ததே காரணம். அன்றுமுதல் அது வெயிலிலே விழித்து, பூமியின் நிழலிலே உறங்கும் ஒரு வாழ்வை வாழலாயிற்று.

அச்செய்மதியைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு நெறி உண்டு. குறைந்த வலுவிலே பேசவேண்டும் என்பதே அது. சேமிப்பு ஏதும் இல்லாத அதன் உடலிலே மிக்க வலுவோடு ஒருவன் குரலெழுப்பினால், அவன் பேச்சைத் திருப்பிச் சொல்லுவதிலேயே அதன் மின் முழுவதும் செலவாகும், அழுத்தம் தளும்பும், உடன் பேசும் எல்லாருடைய குரலும் நடுங்கும். பொதுக் கிணற்றிலே பெரிய வாளியைக் கட்டி இறைப்பவனைப் போன்றவன் அவன்.

செய்மதி அஞ்சலைப் பற்றி 1945 ஆம் ஆண்டிலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் மறையும்வரை நம் தீவிலே வாழ்ந்தார் என்பது நமக்குப் பெருமை. நம் நாட்டு ஆர்வலர்களுக்கும் நன்றி சொல்லும் கடமை உண்டு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர், தொலைபேசி இணைப்புகள் அற்றிருந்தபொழுது, அம்பாந்தோட்டைக்குச் சென்ற ஆர்வலர்கள் வாகன மின்கலவடுக்கிலே இயங்கிய சிற்றலைக் கருவியால் கொழும்போடு பேசினர். அப்பெரிய அழிவின் நடுவே அவர்களைத் தாங்கி நின்றது ஒரு சிறிய அடுக்கு. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் தீவு முழுவதும் ஒருங்கே இருண்டதையும் நாம் மறக்கவில்லை. பெரிய வலைப்பின்னல்கள் அறும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டா.

எம் மாணவர்க்கு இதிலே ஒரு நல்ல பயிற்சி உண்டு. இங்கிலாந்தின் டிசெம்பர் மாதத்திலே நாளொன்றுக்கு ஒரு மணி நேர முழுவெயில் கிட்டுவதே அரிது. நமக்கோ பெரும்பாலான மாதங்களில் நான்கு மணிக்குக் குறைவதில்லை. 100 வாற்றுச் சூரிய மின்தகடு ஒன்று, இழப்புகள் போக, நாளொன்றுக்கு 300 வாற்றுமணி தரும். 203 வாற்றுமணி உண்ணும் ஒரு மறுபரப்பிக்கு அது போதும். மழைநாளுக்குச் சேமிக்கவும் சிறிது மிஞ்சும். பௌதிக ஆசிரியர் ஒருவரும், உரிமம் பெற்ற பழைய மாணவர் ஒருவரும், அளக்கும் கருவி ஒன்றும் இருப்பின், மேல்வகுப்பு மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். வீட்டிலே உறங்கும் தொலைக்காட்சியும், இரவு முழுதும் செருகியே கிடக்கும் மின்னேற்றியும் எத்துணை உண்ணுகின்றன என்பதையும் அளக்கலாம். தமிழாசிரியன் அவர்களுக்குச் சொற்களைத் தருவான்.

திருவள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையிலே அதனைக் கற்பித்து வருகிறேன். கேட்டல் என்பது யாதொரு செலவும் இல்லாத செயல் என்றே மாணவர் எண்ணுவர். பேசுவதற்கே முயற்சி வேண்டும் என்பது அவர் துணிபு. குன்றின்மேல் நிற்கும் கருவியின் கணக்கு அதற்கு மாறாகச் சொல்லுகிறது. ஒருவரும் அழைக்காத இரவிலும், யாரோ ஒருவர் அழைக்கக்கூடும் என்று விழித்திருத்தற்கே அதன் பொருளிற் பெரும்பகுதி செலவாகிறது. அச்செலவைக் கட்டுவோர் உள்ள இடத்திலேதான், நள்ளிரவிலே ஒருவன் பொத்தானை அழுத்தும்பொழுது மறுமொழி வருகிறது. இளைஞர் பலரின் குரலை ஆண்டாண்டாக ஏற்றுத் திருத்தி ஊருக்குத் திருப்பித் தந்த எம் கல்லூரியும், அதனைத் தாங்கிய ஆசிரியப் பெருமக்களும் இத்தகைய செலவையே செய்தனர். கல்லூரி நீடு வாழ்க! அதன் செவி என்றும் திறந்திருப்பதாக!